காலி செய்யாத பால் பல்

பல் டாக்டருக்கு அவருடைய நோயாளிகள் வைத்திருந்த பெயர் 'பொறு டாக்டர்'. பூப்போன்ற கை அவருக்கு. ஊசி ஏறியது தெரியாது, பல் வெளியே வந்தது தெரியாது. "முடிஞ்சிடுச்சு, எழுந்திருங்க" என்று அவர் சொன்ன பிறகும் வாயைப் பிளந்தபடி கிடந்தவர்கள் உண்டு. அழுதுகொண்டே உள்ளே வரும் குழந்தைகள், ஏறி இறங்கும் அந்த நாற்காலியை விட்டுப் போக மனமில்லாமல் அழுதுகொண்டே வெளியே போகும்.

இத்தனை நல்லவரிடம் ஒரே ஒரு பிடிவாதம். யாரையும் இன்னொரு டாக்டரிடம் அனுப்ப மாட்டார். பிள்ளைக்குப் பல் கோணலாக முளைக்கிறதே என்று எந்தத் தாயாவது கவலைப்பட்டால், அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

"பொறுங்கம்மா. கூட்டமான பஸ்ஸைப் பாத்திருக்கீங்கல்ல? ஏறும்போது தள்ளுமுள்ளு. வண்டி கிளம்பி நாலு தெரு தாண்டினதும் அவங்கவங்க ஒரு இடம் பாத்து உக்காந்துடுவாங்க. பல்லும் அப்படித்தான்."

பல பிள்ளைகளுக்கு அவர் சொன்னபடியே பல் இடம் பார்த்து உட்கார்ந்தது. கடைசிவரை நின்றுகொண்டே பயணம் செய்த பற்களை அவர் அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

சோதனை மச்சினி உருவத்தில் வந்தது. மனைவியின் தங்கை. அவளும் பல் டாக்டருக்குப் படித்தாள். அதோடு விடாமல், பல்லை நேராக்குவதற்கென்றே இன்னும் சில வருடம் தனியாகப் படித்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் கிளினிக் திறந்தாள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியது அத்தான்தான். "கோணப்பல்லுன்னு எங்கிட்ட யார் வந்தாலும் இனிமே நேரா இந்த மாடிப்படிதான்" என்று கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. அத்தானிடமிருந்து ஒரு பிள்ளையும் அந்த மாடிப்படி ஏறவில்லை.

"என்ன அத்தான், உங்க தெருவுல எல்லாருக்கும் பல்லு அளவெடுத்து அடுக்கி வச்ச மாதிரி இருக்கோ?" என்று மச்சினி ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் சின்னப் பசங்க. இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்றார்.

உண்மையான காரணம் அவருக்கே சரியாகத் தெரியாது. அவருக்குக் கல்யாணம் ஆனபோது மச்சினி இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய ஆடுகிற பால் பல் ஒன்றை, வேறு பேச்சுக் கொடுத்தபடியே நைசாகப் பிடுங்கியவர் அவர். அந்தக் குட்டியிடம் போய், 'இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பார்த்து என்ன செய்யலாம் என்று சொல்' என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

தையல்காரர் ஒருவர் தன் மகனை நேராக மச்சினியிடம் அழைத்து வந்ததிலிருந்து கதை சூடு பிடித்தது. பையனுக்கு மீசை அரும்பியிருந்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று, கீழ்ப்பல்லுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் மாட்டிக்கொண்டு கடித்தது. கடித்துக் கடித்து, கீழ்ப்பல் வெளியே தள்ளப்பட்டு, அதன் ஈறு இறங்கி, வேரே தெரிய ஆரம்பித்திருந்தது.

"இது எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"பால் பல்லு விழுந்து இந்தப் பல்லு முளைச்சதுலேர்ந்தே இப்படித்தாம்மா. அப்பவே பொறு டாக்டர்கிட்ட காட்டினோம். பொறுங்கன்னாரு. பொறுத்துட்டோம்" என்றார் தையல்காரர். சொன்ன பேச்சைத் தட்டாதவரின் பெருமை அவர் குரலில் இருந்தது.

அவர்கள் படியிறங்கியதும் மச்சினி போனை எடுத்தாள்.

"அத்தான், தையல்காரர் பையனை எட்டு வயசுலயே யார்கிட்டயாவது அனுப்பியிருந்தா சின்னதா ஒரு தகடு மாட்டி, சில மாசத்துலயே அந்தப் பல்லை வெளிய கொண்டு வந்திருப்பாங்க. இப்போ கீழ்ப்பல்லு ஆடுது."

"குழந்தையைப் போயி கம்பி, தகடுன்னு கொடுமைப்படுத்தணுமான்னு பாத்தேன்."

"நீங்க பாவம் பாத்ததாலதான் இப்போ ரெண்டு வருஷம் கம்பி போட்டுக்கப் போறான்."

"நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"எடுக்கல அத்தான். நேரத்துல அனுப்புங்கன்னு கேக்கறேன்."

"அனுப்பறேன். இனிமே எல்லாரையும் அனுப்பறேன். போதுமா?"

கோபத்தில் சொன்ன வார்த்தையைப் பலர் மறந்துவிடுவார்கள். டாக்டர் மறக்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை பேர் கையிலும் ஒரு சீட்டு. சீட்டில் ஒரே ஒரு சொல்: 'பார்க்கவும்.' வயது கிடையாது, எந்தப் பல் என்று கிடையாது, எதற்கு என்றும் கிடையாது.

முதலில் ஒரு தாய் இடுப்புக் குழந்தையோடு வந்தாள். மச்சினி உள்ளே விரலை விட்டதும், இருந்த சொற்பப் பற்களைக் கொண்டு குழந்தை தன்னால் ஆன மட்டும் கடித்தது. அடுத்து ஒரு கல்லூரி மாணவன். அவனுக்குப் பல் கோணல்தான், சந்தேகமில்லை. ஆனால் பார்த்த இடமெல்லாம் சொத்தை, தொட்ட இடமெல்லாம் ரத்தம். "செங்கல் உதிர்ற சுவத்து மேல மாடி கட்ட முடியாதுப்பா. முதல்ல சொத்தையை அடைச்சு, ஈறைச் சரி பண்ணிட்டு வா. அது உங்க டாக்டர் செய்ய வேண்டிய வேலை" என்று அனுப்பி வைத்தாள்.

அதற்கடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நாற்காலியில் உட்கார்ந்ததும் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டையும் கழற்றி மேசை மேல் வைத்தார். முழுப் பல்செட். பிறகு பொக்கை வாயைத் திறந்து ஏதோ சொன்னார். புரியவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்:

"இதுக்குக் கம்பி போடணுமான்னு டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னார்."

மச்சினி கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். பேனாவை எடுத்தாள். சீட்டைத் திருப்பி, அதன் முதுகில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கொடுத்தாள்.

அன்று முதல் அந்த இரண்டு தெருக்களுக்கும் நடுவே ஜனங்கள் ஓயாமல் நடந்துகொண்டிருந்தார்கள். போகும்போது 'பார்க்கவும்', வரும்போது 'பார்த்தேன்'. கணக்கு வாத்தியாருக்கு மட்டும் இதில் குறையே இல்லை. சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருந்தார்கள். சும்மா நடப்பதைவிட ஒரு காரியமாக நடப்பது நல்லதுதானே என்று மூன்றாவது சீட்டும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு பக்கத்துப் புகாரும் வந்து சேர்ந்த இடம் டாக்டரின் மனைவியின் காது. அவள் ஒரு துணிக்கடையில் மேலாளர். நாள் முழுக்க, வாங்கிய துணியை மாற்ற வருகிறவர்களிடம் பேசிப் பழகியவள். அவளையே இந்த இருவரும் களைக்க வைத்துவிட்டார்கள்.

"ஒரு காதுல தங்கச்சி, ஒரு காதுல புருஷன். நடுவுல இருக்கறது என் மண்டைன்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கையைச் சாப்பிடக் கூப்பிட்டாள். "பல்லைத் தவிர எதைப் பத்தி வேணாலும் பேசலாம்" என்று நிபந்தனை போட்டுத்தான் இலையளவுக்குப் பெரிய தட்டுகளை எடுத்து வைத்தாள்.

நிபந்தனை முதல் கவளம் வரை தாங்கியது.

"வாத்தியார் நல்லா இருக்காரா?" என்று டாக்டர் சாதத்தைப் பிசைந்தபடி கேட்டார்.

"நல்லா இருக்கார். அவரோட பல்செட்டும் நல்லா இருக்கு. அத்தான், நீங்க ஒண்ணு, அனுப்பவே மாட்டீங்க. இல்லேன்னா தெருவையே அனுப்பறீங்க. இதுக்கு நடுவுல ஒண்ணு இருக்கில்ல?"

"அந்த நடுவை நீதான் சொல்லேன்."

"ஏழெட்டு வயசுல ஒரு தடவை நிதானமா பாருங்க. மேல் பல்லு கீழ் பல்லுக்குள்ள போயி கடிக்குதா, அப்பவே அனுப்புங்க. முன்பல்லு தூக்கிக்கிட்டு நிக்குதா, விளையாடற இடத்துல விழுந்து உடைச்சுக்கறதுக்கு முன்னாடி அனுப்புங்க. கொஞ்சம் நெருக்கம், கொஞ்சம் சந்து, இதெல்லாம் உங்க பஸ்ஸு மாதிரி, பொறுக்கலாம். நீங்க சொல்றதும் பாதி சரிதான் அத்தான். அப்புறம் பத்து வயசு ஆச்சுன்னா கோரைப்பல் வர்ற இடத்தை விரலால தடவிப் பாக்கணும். ஈறுக்கு மேல ரெண்டு பக்கமும் பட்டாணி மாதிரி தட்டுப்படணும்."

"தட்டுப்படலேன்னா?"

"உள்ள வேற எங்கயோ போறதுக்குக் கிளம்பிடுச்சுன்னு அர்த்தம்."

டாக்டரின் மகளுக்குப் பதினொன்று முடிந்திருந்தது. வீட்டில் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் நிறையச் சோற்றோடு அவள் கேட்டாள்: "எனக்குத் தட்டுப்படுதா சித்தி?"

"முழுங்கிட்டுப் பேசு" என்றாள் அம்மா.

சிட்டு முழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். வாயைத் திறந்தாள். சித்தி எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, ஆள்காட்டி விரலை மேல் உதட்டுக்குள் விட்டு வலப்பக்கம் தடவினாள். தலையாட்டினாள். இடப்பக்கம் தடவினாள். மறுபடியும் தடவினாள். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதுவரை நடந்த சண்டையில் மச்சினி அத்தானைக் குத்திக்காட்டாதது அந்த ஒரு தடவைதான். டாக்டர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வரும். கொஞ்சம் லேட்டா வரும்" என்றார், யாரும் கேட்காமலே.

"வரும் அத்தான். எந்த வழியா வருதுன்னு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுங்க" என்று மட்டும் மச்சினி சொன்னாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் டாக்டர் மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். ஊரார் வாயெல்லாம் பார்த்த மனிதர். மகள் வாயை, அவள் பல் வலி என்று சொன்னால்தான் பார்ப்பார், அவளோ பல் வலி என்று சொன்னதே இல்லை. விரலால் தடவினார். வலப்பக்கம் பட்டாணி இருந்தது. இடப்பக்கம் மழமழவென்று சுவர் போல இருந்தது. அதன் கீழே பால் பல் இன்னும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. வலப்பக்கத்துப் பால் பல் எப்போதோ விழுந்துவிட்டது. இதுவோ, வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றாலும் காலி செய்யமாட்டேன் என்கிற குடித்தனக்காரரைப் போல இருந்தது.

எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கினார். புதிய கோரைப்பல், நேரே கீழே இறங்க வேண்டியது, சாய்ந்து படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லின் வேரை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. வேறொருவருடைய எக்ஸ்ரேயாக இருந்தால் அரை நிமிடத்தில் பார்த்திருப்பார். இதையோ வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். தையல்காரர் மகனின் வேர் தெரிந்த பல் அவர் கண்முன் வந்தது. அந்தப் பையனுக்கும் ஒரு அப்பா இருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என்னப்பா, பேச்சையே காணோம்? நான் செத்துடுவேனா?" என்றாள் நாற்காலியில் மல்லாந்து கிடந்த சிட்டு.

"சீ, அபசகுனமா பேசாத. ஒரு பல்லு வழி தவறிப் போச்சு."

"அட்ரஸ் சொல்லி அனுப்ப வேண்டியதுதானே?"

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "நீ கொஞ்சம் போய் உன் தங்கச்சிகிட்ட சொல்லேன்" என்றார்.

"எதுக்கு? உங்க கால்ல என்ன கம்பியா போட்டிருக்கு? தெருவையே அனுப்பினீங்கல்ல, இப்போ நீங்க போங்க" என்றாள் அவள்.

போனார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினார். ரிப்பன் வெட்டிய நாளுக்குப் பிறகு அன்றுதான் ஏறுகிறார். காத்திருக்கும் அறைக் கதவைத் தள்ளினால், உள்ளே அத்தனையும் தெரிந்த முகங்கள். அவர் சீட்டுக் கொடுக்காமலே, அவருக்குத் தெரியாமல், தாங்களாகவே வந்திருந்த அவருடைய நோயாளிகள்!

ஒரு அம்மாள் சட்டென்று பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டாள். பத்திரிகை தலைகீழாக இருந்தது. மருந்துக்கடைக்காரர் குனிந்து, வார் இல்லாத செருப்புக்கு வார் கட்ட ஆரம்பித்தார். தையல்காரர் மகன் மட்டும், புதிதாகப் போட்ட கம்பி வெளிச்சத்தில் மின்ன, "வணக்கம் டாக்டர்!" என்று வாய்கொள்ளாமல் சிரித்தான்.

"அப்பா, இவங்க எல்லாரும் நம்ம கிளினிக்குக்குல்ல வருவாங்க?" என்று சிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

டாக்டர், அங்கே மிச்சமிருந்த ஒரே காலி நாற்காலியில், அதாவது பத்திரிகை அம்மாளுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தார். வரவேற்பில் இருந்த பெண் புதியவள். அவரை அடையாளம் தெரியவில்லை.

"சார், யார் உங்களை அனுப்பினது?"

"நான்தான்."

"நீங்க வந்திருக்கீங்க சார், அது தெரியுது. அனுப்பின டாக்டர் யாரு?"

"அதான்மா, நான்தான்."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தாள். பத்திரிகை லேசாகக் குலுங்கியது. நல்லவேளையாக உள்ளேயிருந்து மச்சினி எட்டிப் பார்த்தாள். வரிசையில் இருந்தவர்களுக்கு முன்னால் அத்தானை அழைப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். "உக்காருங்க அத்தான், உங்க முறை வரும்போது கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முறை வந்தது. உள்ளே போனதும் டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். அதில் வயது இருந்தது. எந்தப் பக்கம், எந்தப் பல், விரலுக்கு என்ன தெரிந்தது, பால் பல் ஆடுகிறதா இல்லையா எல்லாம் இருந்தது. சொத்தை இல்லை, ஈறு சுத்தம், ஊசி என்றால் பயம் என்றும் இருந்தது. எக்ஸ்ரேயின் பிலிமும் கூடவே இருந்தது. மச்சினி ஒரு வரி விடாமல் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க அத்தான். இப்படி ஒரு சீட்டு வந்தா நான் ஏன் சண்டை போடப் போறேன்?"

"சீட்டு கிடக்கட்டும். பல்லைச் சொல்லு."

அவள் எக்ஸ்ரேயை விளக்கில் காட்டி, பென்சில் முனையால் தொட்டாள். "இதோ பாருங்க. பக்கத்து வேரைத் தொட்டுடல, கிட்டதான் போயிருக்கு. இப்போ அந்தப் பால் பல்லை எடுத்து வழி விட்டா, பெரும்பாலும் தானா திரும்பி இறங்கிடும். இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தா ஈறைத் திறந்து, பல்லுல சங்கிலி மாட்டி இழுக்கணும். பக்கத்துப் பல்லோட வேரையே இது அரிச்சிருந்தாலும் ஆச்சரியமில்லை."

டாக்டர் பெருமூச்சு விட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, எப்போ எடுக்கப் போற?"

"நானா? பிடுங்கறது உங்க வேலை. கைராசி உங்களுக்குத்தானே? எங்கிட்ட அனுப்பினா ஆளு தொலைஞ்சு போயிட மாட்டாங்க அத்தான், திரும்பி உங்ககிட்டதான் வருவாங்க."

இப்படியாக, மகளுடைய பல்லைப் பிடுங்கும் பொறுப்பு அப்பா தலையில் விழுந்தது.

சனிக்கிழமை காலை. டாக்டரின் கிளினிக். மனைவி வெளியே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மகளின் கையைப் பிடித்துக்கொள்ள மச்சினி வந்திருந்தாள். டாக்டர் ஊசியை எடுத்தார். ஆயிரக்கணக்கான ஈறுகளில் பூப்போல இறங்கிய கை, அன்று இலையைப் போல ஆடியது.

"அத்தான், கை ஆடுது."

"ஏசி காத்து."

"ஏசி போடவே இல்லையே."

எப்படியோ ஊசி இறங்கியது. சிட்டுக்கு உதடு மரத்தது. மரத்த உதடு சிட்டுவின் பேச்சை நிறுத்தவில்லை, உச்சரிப்பை மட்டும் மாற்றியது. "அஃபா, ஃபிடுங்கினதும் எங்கித்த காட்டணும்" என்று கட்டளையிட்டாள். டாக்டர் இடுக்கியை வைத்தார். அவருக்கு வேர்த்தது. பல்லைப் பிடித்தார். அசைத்தார். உள்ளே 'நறுக்' என்று ஒரு சின்ன சத்தம். தினமும் கேட்கிற சத்தம்தான். பல் முழுசாகக் கையோடு வந்தது.

"முடிஞ்சிடுச்சு, எழு..." என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்கவில்லை. இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டு, மெல்லத் தரையில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தார்.

"அக்கா! தண்ணி கொண்டு வா!" என்று மச்சினி கத்தினாள்.

மனைவி கதவைத் திறந்தாள். நாற்காலியில் மகள் வாயில் பஞ்சைக் கடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தரையில் கணவர் கிடந்தார். யாருக்குப் பல் பிடுங்கினார்கள் என்று அவளுக்கு ஒரு கணம் குழப்பமாகிவிட்டது. கால்களைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்ததும் டாக்டர் கண் திறந்தார்.

"அஃபா, வலிச்சுதா?" என்று மேலேயிருந்து கேட்டாள் சிட்டு.

அந்தத் தகவல் சாயங்காலத்துக்குள் இரண்டு தெருவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சொன்னது யார் என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் நலம் விசாரித்துக் குளுக்கோஸ் பொட்டலம் கொடுத்தனுப்பினார்.

அதற்குப் பிறகு அத்தானும் மச்சினியும் சண்டை போடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். இப்போது வேறு மாதிரி போட்டார்கள். "இந்தப் பொண்ணு இன்னும் விரல் சூப்புது, இப்போ அனுப்பட்டுமா, நிறுத்தின பிறகு அனுப்பட்டுமா?" என்று அவர் போன் செய்வார். அவள் ஒன்று சொல்வாள். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அரைமணி நேரம் விவாதித்துவிட்டு அனுப்புவார். தான் முன்பு காத்திருக்கச் சொன்ன பிள்ளைகளை ஒவ்வொருவராக மறுபடி வரச்சொல்லி, ஈறைத் தடவிப் பார்த்தார். தையல்காரரிடம் ஒருநாள் தானே நேரில் போய், "உங்க பையன் விஷயத்துல நான் அவசரப்பட்டிருக்கணும்" என்றார்.  தையல்காரர், டாக்டருடைய சட்டைக் காலர் கிழிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "கழட்டிக் குடுங்க, தச்சுத் தரேன்" என்றார். டாக்டர் பனியனோடு உட்கார்ந்து காத்திருந்தார்.

சிட்டுவின் பல்லை நடுவில் இன்னொரு முறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். சாய்ந்து படுத்திருந்தது எழுந்து நின்றிருந்தது. அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாய் நிறைய நுரையோடு கூடத்துக்கு ஓடி வந்தாள். அன்று சித்தியும் வீட்டில் இருந்தாள். இடப்பக்க ஈறைக் கிழித்துக்கொண்டு, அரிசி முனை போல வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது.

இரண்டு டாக்டர்களும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். தலையும் தலையும் முட்டிக்கொண்டன.

"வந்துடுச்சு! நேரா வந்துடுச்சு!" என்றார் அப்பா.

"நேராவா? லேசா திரும்பியிருக்கு பாருங்க."

"எங்க திரும்பியிருக்கு? அது நுரை."

"நுரையில்ல அத்தான், கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க. முழுசா இறங்கினதும் கொஞ்ச நாளைக்குக் கம்பி போட்டா..."

"போடலாம், போடலாம். முதல்ல இறங்கட்டும்."

"இறங்கட்டும்னுதான் நானும் சொல்றேன். இறங்கின பிறகு எவ்வளவு நாள்ங்கறதுதான் கேள்வி."

வாயைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்த சிட்டுவின் முகவாயில் நுரை வழிந்தது. அவள் அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் கையை விட்டு மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ போய் வாயைக் கொப்புளிச்சிட்டு வா. ஸ்கூல் வேன் வந்துடும். இவங்க ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் பேசிட்டு இருக்கட்டும்."